வலது முன்சக்கரம்

சாய்கிறதா, இல்லை என் கண்தான் சாய்கிறதா. ஈச்சனாரிக் கோயில் தாண்டியதிலிருந்து இதே கேள்விதான். எனக்கு முன்னால் போவது இளநீல ஹெரால்ட் கார், வெள்ளைக் கூரை, என் சிநேகிதன் தண்டபாணியின் வண்டி. தண்டபாணி இல்லை. ஓட்டுவது அவன் மகள் சிந்துஜா, பக்கத்தில் அவன் மனைவி சுலோச்சனா, பின்னால் என் பழைய பியட்டில் நான் ஒற்றை ஆளாக. லேசாக வலப்பக்கம் ஒதுங்கி ஓட்டினால் ஹெரால்டின் வலது முன்சக்கரம் கொஞ்சம் கண்ணில் படும். ரோடு வளையும் இடத்தில் இன்னும் கொஞ்சம் படும். அந்தக் கொஞ்சத்துக்காக, சிந்துஜா லைசென்ஸ் எடுத்த நாளிலிருந்து ஆறு வருஷமாக, நான் ஒதுங்கித்தான் ஓட்டுகிறேன். பின்னால் வருகிறவன் ஹாரன் அடிக்கிறான். அடிக்கட்டும். அவன் வண்டியில் ஹாரன் ஒன்றுதான் சொந்தமாகச் சத்தம் போடும், மற்றதெல்லாம் கம்ப்யூட்டர். வெள்ளைச் சோப்புப் பெட்டி, சாம்பல் சோப்புப் பெட்டி, எதற்கும் முகம் கிடையாது, பத்து வருஷம் கழித்து ஒருத்தனும் அதைத் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. காலை ஆறரை மணிக்கு ரேஸ் கோர்ஸில் பதினாலு வண்டி கூடியது. மாசத்தில் ஒரு ஞாயிறு கிழடுகளை வெளியே எடுத்துப் பொள்ளாச்சி வரை போய் இட்லி தின்றுவிட்டுத் திரும்புவது எங்கள் கூட்டத்தின் வழக்கம். கிழடு என்றால் வண்டியும்தான், ஆளும்தான். பன்னிரண்டு வண்டி முன்னால் போய்விட்டது, கடைசியில் ஹெரால்டும் நானும். நாற்பத்தைந்துக்கு மேல் போகாதே கண்ணு என்று சொல்லியிருக்கிறேன், போகவில்லை, நல்ல பெண். சக்கரம் சாயவில்லை. அது எனக்குத் தெரியும். நேற்று சாயங்காலம்தான் ஜாக்கி போட்டுத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தேன், இம்மி ஆட்டம் இல்லை. நானே பார்த்தேன். நானே பார்த்தேன் என்பதுதான் என் பயமே.

சட்டைப் பையில் காகிதம் இருக்கிறது. இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாகிவிட்டது, மூன்றாம் முறை. வருகிற வெள்ளிக்கிழமை சிந்துஜா இந்த வண்டியை பெங்களூருக்கு எடுத்துக்கொண்டு போகிறாள். அங்கே வேலை, அங்கே வீடு, வீட்டுக்குக் கீழே வண்டி நிறுத்த இடமும் உண்டாம். போன வாரம் போனில் சொன்னாள், "மாமா, எதுல என்ன ஊத்தணும், எத்தன நாளைக்கு ஒருக்கான்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க மாமா. இனி நானே பாத்துக்கறேன்." நானே பார்த்துக்கொள்கிறேன். எவ்வளவு லேசாகச் சொல்கிறது குழந்தை. உட்கார்ந்து எழுதினேன். ஏழு வரி. எஞ்சின் எண்ணெய், ரேடியேட்டர் தண்ணீர், பேட்டரி, பிரேக், கார்புரேட்டர், டயரில் காற்று, எல்லாம் கை தானாக எழுதியது. நாலாவது வரியில் மட்டும் பேனா நின்றது. முன்சக்கரப் பித்தளைக் கட்டை இரண்டிலும் மாதம் ஒரு முறை கியர் எண்ணெய் மட்டும். கிரீஸ் கூடாது. கூடாது என்பதற்கு அடியில் ஒரு கோடு போட்டேன், பிறகு இன்னொன்று. அவள் கேட்பாள். மூன்று வயதிலிருந்தே அவளுக்கு எல்லாவற்றுக்கும் ஏன். நிலா ஏன் கூடவே வருது, தாத்தா போட்டோவுல ஏன் சிரிக்கல. இதற்கும் கேட்பாள், ஏன் மாமா கிரீஸ் கூடாது. கூடாதுன்னா கூடாது கண்ணு என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் பெங்களூரில் ஒரு மெக்கானிக் இருப்பான், வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, மேடம், இதுக்கு எண்ணெயா, யார் சொன்னது, கிரீஸ் போட்டா கம்முனு கிடக்கும் என்பான். எந்த மெக்கானிக்கும் அப்படித்தான் சொல்வான். எண்ணெயோ கிரீஸோ ஏற்றுகிற நிப்பிள் முனையைப் பார்த்தால் கிரீஸ் கன்னை எடுப்பது எங்கள் கையின் புத்தி. அவன் எதிரில் நிற்கிறான், நான் ஒரு காகிதத்தில் வெறும் கூடாதாக இருக்கிறேன். யார் ஜெயிப்பார்கள். அவனை எதிர்த்து நிற்க அவளுக்கு ஒரு காரணம் வேண்டும், மறக்கவே முடியாத காரணம். என்னிடம் அப்படி ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அது அவள் அப்பா.

சுந்தராபுரத்தில் ஒரு பழைய லேண்ட்மாஸ்டர் காரைப் பார்த்தேன், சற்று முன்பு, ஒரு மரக்கடைக்குள் பலகைகளுக்கு நடுவில் மூக்கு மட்டும் தெரிந்தது. பார்த்த உடனே உச்சந்தலையில் சுரீர் என்றது. அது அவன் கொட்டு. ரோட்டில் பழைய வண்டி தெரிந்தால் முதலில் பேர் சொல்கிறவன் மற்றவன் தலையில் கொட்டலாம், அதுதான் எங்கள் விளையாட்டு. இருபத்திரண்டு வயதில் சைக்கிளில் ஆரம்பித்தது, ஐம்பது வயதிலும் விடவில்லை. கல்யாண ஊர்வலத்தில், ஆஸ்பத்திரி வாசலில், ஒரு முறை சாவு வீட்டுக்குப் போகும்போதுகூட, மோரிஸ் என்று கத்திக்கொண்டே கொட்டினான் படுபாவி, அழ வந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கண் அப்படி. தார்ப்பாய் மூடிக் கிடந்தாலும் கூரையின் வளைவை வைத்தே எந்த வருஷத்து வண்டி என்று சொல்லிவிடுவான். எனக்கு அந்தக் கண் கிடையாது, எனக்குக் கை. அவன் கண்டுபிடிப்பான், நான் ஓட வைப்பேன். இந்த ஹெரால்டையும் அவன்தான் கண்டுபிடித்தான், அவிநாசிப் பக்கம் ஒரு ஜின்னிங் ஃபேக்டரியில், மேலெல்லாம் பஞ்சு. பன்னிரண்டு வருஷம் சும்மா நின்ற வண்டி. டேய் மாப்ள, இது நம்முளுக்காகவே நிக்கிதுடா என்றான். நான் ஒரு மாதத்தில் ஓட வைத்தேன். அவன் வீட்டுச் சந்தில் முழு ஸ்டியரிங்கும் ஒடித்துத் திருப்பிக் காட்டினான், வேறெந்த வண்டியும் அந்த இடத்தில் திரும்பாது, ஹெரால்ட் நின்ற இடத்திலேயே சுற்றும். சுலோச்சனா வாசலில் நின்று கை தட்டினாள். ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த சிந்துஜா பின் சீட்டில் குதித்தாள். திருப்பு, திருப்பு, இன்னொரு தடவை திருப்பு. ஒவ்வொரு திருப்பலும் எங்கே போய் விழுந்தது என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மில்லில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர், இருபத்தாறு வருஷ சர்வீஸ், என் ஷிஃப்டில் ஒரு பேரிங் சிக்கியது கிடையாது. மேனேஜரே சொல்வார், ரங்கராஜ் கை பட்ட மிஷின் அழாது என்று. நானும் அதை நம்பினேன்.

ஒதுங்கி ஓட்டு, ரங்கராஜ். சக்கரம் தெரியட்டும். தெரிகிறது. சுற்றுகிறது, ஆட்டம் இல்லை. அந்தச் சக்கரத்துக்குள் என்ன இருக்கிறது என்று எனக்கு மனப்பாடம். மற்ற வண்டிகள் மாதிரி இல்லை ஹெரால்ட். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் நெட்டுத் தண்டு கீழே ஒரு பித்தளைக் கட்டைக்குள் மரை போட்டு உட்கார்ந்திருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அந்த மரைக்குள்தான் சக்கரம் திரும்புகிறது. அந்த மரைக்கு எண்ணெய் வேண்டும். எண்ணெய்தான் இறங்கும், சந்து சந்தாகப் போய் அடிவரை நனைக்கும். கிரீஸ் வாசலிலேயே நின்றுவிடும், இறுகிக் கட்டியாகும், உள்ளே காய்ந்தே கிடக்கும். மழைத் தண்ணீர் போகும், துரு பிடிக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. துரு தண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று, ஒரு நாள், ஏதோ ஒரு திருப்பத்தில், டக். சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். அந்த வண்டியில் அந்த இடத்தில் வெறும் அடைப்பான்தான் இருந்தது. நான்தான் அதைக் கழற்றிவிட்டு நிப்பிள் போட்டேன், எவ்வளவு அழகாகப் போட்டேன், மில்லில் எந்த மிஷினிலும் நிப்பிள் இருந்தால் அதற்கு நான் ஊட்டுவது கிரீஸ்தான், கன்னை வைத்து அமுக்கினால் ஓரத்தில் பழையது பிதுங்கி வெளியே வரும், புதுசு வந்ததும் துணியால் துடைத்துவிட வேண்டியது. பிதுங்கியது. துடைத்தேன். ஒரு முறையென்றால் விதி என்று சொல்லலாம், தெரியாமல் என்று சொல்லலாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, தவறாமல், தீபாவளியானாலும் காய்ச்சலானாலும் தவறாமல், நான்கு வருஷம். பதினாறு முறை. சோம்பேறியாக இருந்திருந்தால்கூட அவனைக் காப்பாற்றியிருப்பேன். ஒன்றுமே போடாமல் விட்டிருந்தால், என்றைக்காவது அது கிறீச்சிட்டிருக்கும், யாராவது கழற்றிப் பார்த்திருப்பார்கள். நான் போட்ட கிரீஸ் சத்தத்தையும் சேர்த்து அடக்கிவிட்டது.

மலுமிச்சம்பட்டி. பஸ் ஒன்று இடது பக்கம் நெருக்குகிறது, வழி விடுகிறேன், போ ராஜா போ. பஸ். அன்றைக்கும் பஸ் ஒன்று இருந்தது என்றார்கள், எதிரில் வந்தது, தண்டபாணி இடது பக்கம் ஒடித்தான், புளியமரத்தில் மோதினான். பகல் பதினொன்றரை மணி. பொள்ளாச்சியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தான், தனியாக. சுலோச்சனாவுக்கு அன்றைக்குத் தலைவலி, சிந்துஜாவுக்குப் பரீட்சை. அந்தத் தலைவலிக்கும் பரீட்சைக்கும் நான் எத்தனை முறை கும்பிட்டிருக்கிறேன் என்று யாரிடமும் சொல்ல முடியாது. மூன்றாம் நாள் போலீஸ் ஸ்டேஷன் வளாகத்தில் வண்டியைக் காட்டினார்கள். ஹெரால்டின் எஞ்சின் மூடி முன்பக்கமாக மொத்தமாகக் கவிழ்ந்து திறக்கும், அது நசுங்கிப் பாதி திறந்து கிடந்தது, உள்ளே வலது சக்கரம் படுத்திருந்தது. குந்தி உட்கார்ந்து பார்த்தேன். ஒடிந்த தண்டின் முகம். புதிதாக ஒடிந்த இரும்பு பளிச்சென்று இருக்கும், உப்புக்கல் மாதிரி மின்னும். மில்லில் எத்தனை ஷாஃப்ட் பார்த்திருக்கிறேன். இதில் கால்வாசிதான் பளிச். முக்கால்வாசி பழுப்பு, பழைய பழுப்பு, மாதக்கணக்கில் உள்ளேயே விரிந்த விரிசல். மரத்தில் மோதி ஒடியவில்லை, ஒடிந்துதான் மரத்தில் மோதியது. அதைச் சுற்றி கெட்டிக் கறுப்பாக என் கிரீஸ். வாசனைகூட வந்தது. பின்னால் நின்ற ஏட்டய்யா கேட்டார், "ஏனுங், மரத்துல மோதுன வேகத்துல ஒடிஞ்சிருச்சுங்களா?" நான் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டேன். "ஆமாங்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். பதினோரு வருஷமாக அந்த ஒரு வார்த்தைக்குள்தான் குடியிருக்கிறேன்.

ஒரு வருஷம் கழித்து சுலோச்சனா கூப்பிட்டாள். "ரங்கண்ணா, அவுரு வண்டி அப்பிடியே கெடக்குது. பாத்தா நெஞ்சு அடைக்குது. ஓடற மாதிரி பண்ணிக் குடுங்க, உங்களாலதான் ஆகும்." உங்களால்தான் ஆகும். அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்தேன், ஏதாவது தெரிந்து சொல்கிறாளா என்று. ஒன்றும் இல்லை, நம்பிக்கைதான் இருந்தது, அதைப் பார்த்திருக்கவே வேண்டாம். இரண்டு வருஷம் ஆயிற்று. உடுமலைப் பக்கம் தென்னந்தோப்பில் கோழி அடைந்து கிடந்த ஒரு செத்த ஹெரால்டிலிருந்து முன்பக்கம் முழுவதும் எடுத்து வந்தேன். அன்றைக்குத்தான் வண்டியோடு வந்த புத்தகத்தை முதன்முதலாகத் திறந்தேன். எண்ணெய் என்று இருந்தது. ஒரே வரி. அதிலிருந்து ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு எண்ணெய்க் கன்னோடு அந்த வீட்டுக்குப் போகிறேன். சுலோச்சனா காபி கொடுத்துவிட்டு, அண்ணன் மாதிரி ஒருத்தர் கிடைக்க நாங்க குடுத்து வெச்சிருக்கணும் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறாள். நான் வண்டிக்கு அடியில் படுத்தபடி கேட்கிறேன். வேறு ஹெரால்ட் எதையாவது ரோட்டில் பார்த்தாலும் விடுவதில்லை. காந்திபுரம் சிக்னலில் ஒரு பச்சை ஹெரால்ட், ஸ்கூட்டரை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். "சார், முன்சக்கரத்துக்கு என்ன போடறீங்க, எண்ணெயா கிரீஸா?" அந்த மனுஷன் கண்ணாடியை ஏற்றிவிட்டார். மறுபடி ஸ்கூட்டரை எடுத்துப் பின்னாலேயே போனேன், சாய்பாபா காலனி வரை, அவர் வீட்டு கேட் வரை. அவர் உள்ளே போனதும் நாய் குரைத்தது. மறுநாள் எங்கள் வாட்ஸப் குழுவில் யாரோ கேலியாகப் போட்டிருந்தார்கள், ஊரில் ஹெரால்ட் வைத்திருப்பவர்கள் ஜாக்கிரதை, எண்ணெய்ச்சாமி சுற்றுகிறார் என்று. நானும் சிரிக்கிற பொம்மை ஒன்றைப் போட்டேன். யாரிடமும் ஏன் என்று சொன்னதில்லை, எண்ணெய் போடுங்கள் என்று மட்டும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

ஒத்தக்கால்மண்டபம் தாண்டியாயிற்று. ரோடு பெரிதாகிவிட்டது, நாலு வழி, நடுவில் அரளி. மரம் ஒன்றுகூடக் கிடையாது, அத்தனை புளியமரத்தையும் வெட்டித் தள்ளிவிட்டார்கள். எந்த மரம் என்று எனக்குத் தெரியும், கிணத்துக்கடவு தாண்டி, கோவில்பாளையத்துக்கு முன்னால், பட்டையில் இளநீலப் பெயின்ட் ஒட்டியிருந்தது, ஒவ்வொரு முறையும் பார்ப்பேன். பெயின்ட் கொஞ்சம் கொஞ்சமாக உரிந்தது, பிறகு மரமே போயிற்று. போனால் நிம்மதி என்று நினைத்தேன். இப்போது மொத்த ரோடும் அந்த இடம். இதுவா, இந்த வளைவா, இந்தக் கிலோமீட்டர் கல்லா. சிந்துஜா இண்டிகேட்டர் போடுகிறாள், எதற்கு, எதற்குப் போடுகிறாள், பிரேக் விளக்கு எரிகிறது, வண்டி வலது பக்கம் விலகுகிறது, சக்கரம், சக்கரத்தைப் பார், முழுசாகத் தெரிகிறது, திரும்பியிருக்கிறது, மடங்குகிறதா, முருகா, மடங்குகிறது. இல்லை. மடங்கவில்லை. ஆடு. ஓரத்திலிருந்து ஆடு ஒன்று வந்துவிட்டது, அதைத் தாண்டி மறுபடி இடது பக்கம் சேர்ந்துகொண்டாள். பின் கண்ணாடி வழியாக சுலோச்சனாவின் கை தெரிகிறது, ஆட்டுக்காரனைப் பார்த்து என்னவோ ஆட்டுகிறாள், திட்டுகிறாள்போல. நான் பிரேக்கை அமுக்கி நடுரோட்டில் நின்றுவிட்டிருக்கிறேன். தொண்டையில் பெட்ரோல் வாடை. பின்னால் வந்த சோப்புப் பெட்டிக்காரன் என்னைத் தாண்டிப் போகும்போது கண்ணாடியை இறக்கி, யோவ் பெருசு என்று ஆரம்பித்து என்னவோ சொன்னான். சரிதான்.

வெள்ளிக்கிழமைக்குப் பிறகு இந்தச் சக்கரத்துக்குப் பின்னால் நான் இருக்க மாட்டேன். அவள் ஓசூர் வழியாகப் போவாள், தினமும் ஆபீஸ் போவாள், மழை பெய்யும். அந்த மெக்கானிக் படுத்துப் பார்ப்பான். கம்முனு கிடக்கும் மேடம். அவள் யோசிப்பாள், மாமா ஏதோ எழுதியிருந்தாரே, வயசானவர், எதையோ பிடித்துக்கொண்டு விட மாட்டார். ஒன்றும் ஆகாது முதலில். நான்கு வருஷம் ஒன்றும் ஆகாது. சொல்லிவிடு ரங்கராஜ். சொன்னால் என்ன போகும். முதல் ஞாயிறு போகும். காபி போகும். ரங்கண்ணா போகும். எனக்கும்தான் வேறு யார் இருக்கிறார்கள், பெண்டாட்டி போய்ச் சேர்ந்துவிட்டாள், பையன் கனடாவில் பனி அள்ளுகிறான். இல்லாவிட்டால் பாதி சொல்லலாமே. கிரீஸ் போட்டால் துருப்பிடித்து ஒடியும், எங்கேயோ ஒருத்தருக்கு அப்படி ஆயிற்று கண்ணு, திருப்பூர்ப் பக்கம். ஆமாம், திருப்பூர்ப் பக்கம், யாரோ ஒருத்தர். போட்டது யாரோ ஒரு மெக்கானிக். தெரியாமல் போட்டான். தெரியாமல். தெரியாமலா. அங்கேதான் முள் மாதிரி ஒன்று நிற்கிறது, எத்தனை வருஷமாகச் சுற்றிச் சுற்றி வந்தாலும் அந்த இடத்தில் மட்டும் ஒதுங்கிப் போய்விடுவேன். அது இரண்டாவது சர்வீஸோ மூன்றாவதோ. அவன் வாசல்படியில் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தான். நான் வண்டிக்குள் குனிந்திருந்தேன், கையில் கிரீஸ் கன். "ஏன்டா மாப்ள, இதுல எண்ணெய்னு போட்டிருக்குதே" என்றான். சந்தேகமாகக்கூட இல்லை, சும்மா, பேப்பர் படிக்கிற மாதிரி. நான் நிமிரவே இல்லை. சிரித்தேன். இருபத்தாறு வருஷமா எத்தன மிஷின் பாத்திருக்கறேன், நீ எனக்குப் பாடம் எடுக்கறியாடா, போய் ரெண்டு டீ சொல்லு என்றேன். அவனும் சிரித்தான். புத்தகத்தை மூடி டேஷ்போர்டுக்குள் வைத்துவிட்டு டீ சொல்லப் போனான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவன் கேட்கவே இல்லை. அவன் கண் கண்டுபிடித்துவிட்டது, என் கை கேட்கவில்லை.

கிணத்துக்கடவுக்கு முன்னால் டீக்கடையில் ஹெரால்ட் ஒதுங்கியது. மற்ற வண்டிகள் நிற்காமல் போய்விட்டன. நான் அவர்களைத் தாண்டிப் போய்ப் பத்தடி முன்னால் நிறுத்தினேன், எஞ்சினை ஓடவிட்டபடியே இறங்கினேன். சுலோச்சனா இறங்கவில்லை, முழங்கால் வலி, ஏறி இறங்கினால் ரெண்டு நாளைக்கு நடக்க முடியாது. கண்ணாடி வழியாகத் தலையை நீட்டி, "ரங்கண்ணா, அந்த ஆட்டுக்காரனப் பாத்தீங்களா? ரோடு அவங்கப்பன் ரோடாட்ட மேய்க்கறான்" என்றாள். "ஆமாம்மா" என்றேன். மறுபடி ஓர் ஆமாம். சிந்துஜா இரண்டு டீயோடு வந்து ஒன்றை என்னிடம் கொடுத்தாள், என் வண்டியின் முன்பக்கம் சாய்ந்துகொண்டாள்.

"மாமா, பேப்பர் எழுதிட்டீங்களா?"

கொடுத்தேன். டீயை வண்டி மேல் வைத்துவிட்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். விரல் நாலாவது வரியில் நின்றது.

"இதென்ன மாமா, ரெண்டு கோடு போட்டிருக்கீங்க? கிரீஸ் போட்டா என்ன ஆகும்?"

திருப்பூர் என்று வாயில் வந்தது. முதல் எழுத்து வரை வந்தது. அவள் நெற்றி சுருங்கியிருந்தது, அவனைப் போலவே இடது புருவம் மட்டும் மேலே.

"உள்ள எறங்காது கண்ணு. துருப்புடிச்சு தண்டு ஒடிஞ்சிரும். சக்கரம் மடங்கிக்கும்."

"ஓடிட்டு இருக்கும்போதா?"

"ஆமா."

அவள் காகிதத்தைப் பார்த்தாள், பிறகு ஹெரால்டைப் பார்த்தாள். கணக்குப் போடுகிற பெண். நான் இன்னும் கொஞ்ச நேரம் வாயை மூடியிருந்தால் அவளே வந்து சேர்ந்துவிடுவாள் என்று தெரிந்தது. அவளாக வந்து சேரக்கூடாது, அதற்கு முன்னால் நான் அங்கே நிற்க வேண்டும்.

"உங்கப்பாவுக்கு அப்பிடித்தான் ஆச்சு. மரத்துல மோதி ஒடியல. ஒடிஞ்சதாலதான் மோதுச்சு. கிரீஸ் போட்டது நான். நாலு வருஷம்."

ஒரு லாரி போனது. டீக்கடைக்காரர் யாரையோ கூப்பிட்டார்.

"தெரியாம போட்டீங்களா மாமா?"

இந்தக் கேள்விக்குத்தான் நான் பயந்தேன் போலிருக்கிறது, மற்ற எதற்கும் இல்லை. தெரியாமல் என்று அவளே எடுத்துக் கொடுக்கிறாள், வாங்கிக்கொண்டால் போதும், அழுதுவிடலாம், அவளும் அழுவாள், விடுங்க மாமா என்பாள்.

"உங்கப்பன் கேட்டான் சாமி. புக்குல எண்ணெய்னு போட்டிருக்குதேன்னு கேட்டான். நான் சிரிச்சேன். போய் டீ சொல்லுன்னேன்."

அவள் முகத்தில் நான் எதிர்பார்த்த எதுவும் வரவில்லை. காகிதத்தை நான்காக மடித்தாள், மடிப்பை நகத்தால் அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். என் வண்டியில் சாய்ந்திருந்தவள் நிமிர்ந்து தள்ளி நின்றாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சரி" என்றாள். கொஞ்சம் நடந்தாள், திரும்பிப் பார்க்காமலே சொன்னாள், "நீங்க முன்னால போங்க மாமா."

பின்னால் வர வேண்டாம் என்பதை அப்படித்தான் சொல்ல முடியும் ஒரு பெண்ணால். போய் வண்டியில் உட்கார்ந்தேன். ஹேண்ட்பிரேக்கை எடுத்தேன், கியர் போட்டேன், கை சொன்னபடி கேட்டது, கை எப்போதும் கேட்கும். போ என்றால் போய்விட வேண்டியதுதானே. பொள்ளாச்சியில் பன்னிரண்டு பேர் இட்லிக்கு உட்கார்ந்திருப்பார்கள், என்னப்பா ஹெரால்டைக் காணோம் என்பார்கள், வந்துகொண்டிருக்கிறது என்று சொல்லலாம். பத்தடி நகர்ந்தது. கண்ணாடியில் ஹெரால்ட் முழுசாகத் தெரிந்தது, இத்தனை வருஷத்தில் அதை நான் முன்பக்கமாகப் பார்த்தபடி போனது கிடையாது. சிந்துஜா டிரைவர் பக்கம் போகவில்லை. அம்மா பக்கம் போய்க் குனிந்து நின்றாள். ரொம்ப நேரம் இல்லை. ஒரு டீ குடிக்கிற நேரம்கூட இல்லை. நான் பதினோரு வருஷம் சொல்ல முடியாததைச் சொல்ல அவ்வளவுதான் ஆகிறது. கதவு திறந்தது. சுலோச்சனா கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். என்னைப் பார்க்கவில்லை. மகள் கையை நீட்டினாள், அதைப் பிடிக்கவில்லை. மூடியின் மேல் உள்ளங்கையை ஊன்றி, முன்னால் சுற்றி, ஒரு கால் ஒரு காலாக வைத்து வலது பக்கம் வந்தாள். முழங்கால் மடக்க முடியாதவள், அங்கேயே, ரோட்டோரப் புழுதியில், சேலையை ஒதுக்கிக்கொண்டு மெல்ல மெல்லக் குந்தி உட்கார்ந்தாள். உட்கார்ந்து அந்தச் சக்கரத்தைப் பார்த்தாள்.

சூடான பியட்டை நிறுத்தினால் மறுபடி கிளம்ப அரைமணி நேரம் ஆகும், தள்ளக்கூட ஆள் கிடையாது. சாவியைத் திருப்பி அணைத்தேன். கதவைத் திறந்து இறங்கி அவளிடம் நடந்தேன்.